உரிமையியல் வழக்கில் ஆவணச் சான்று: குறியீடும் மெய்ப்பிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஆவணம் கைவசம் இருத்தல், அது நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படுதல், அதன் உண்மை மெய்ப்பிக்கப்படுதல் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதும் போக்கு வழக்காடுவோரிடம் மட்டுமன்றி வழக்குரைஞர் சிலரிடமும் காணப்படுகிறது. இவை வெவ்வேறு படிநிலைகள் என்பதையும், ஒவ்வொரு படிநிலையிலும் வழக்குரைஞர் ஆற்ற வேண்டிய பணி வேறு என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கடனுக்கு ஈடாக எழுதப்படும் கிரைய ஒப்பந்த வழக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. தடுத்தாட்கொண்ட புராணத்தில் இடம்பெறும் திருவெண்ணெய்நல்லூர் அவையின் விசாரணை இன்றைய சாட்சியச் சட்டத்தோடு ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உரிமையியல் வழக்கு, ஆவணச் சான்று, மெய்ப்பிப்பு, மூல ஓலை, கிரைய ஒப்பந்தம், குறுக்கு விசாரணை

முன்னுரை

‘பத்திரம் கையில் இருக்கிறது, வழக்கு நமக்குத்தான்’ என்னும் நம்பிக்கையோடு நீதிமன்றம் ஏறுவோர் பலர். பத்திரம் பீரோவில் இருக்கும் வரை அது வெறும் தாள். நீதிமன்றம் அதனை ஏற்கலாமா என்பது முதல் கேள்வி. அதனை எழுதிக் கொடுத்தவர் இன்னார் என்பது உறுதியானதா என்பது இரண்டாவது. உறுதியான பின்னும் அதில் கண்ட செய்தி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது மூன்றாவது. ஏற்புடைமை, மெய்ப்பிப்பு, மதிப்பு என இவற்றைக் குறிக்கலாம். தீர்ப்புகளில் ‘சான்றாவணம் தாக்கல் செய்யப்பட்டுள்ளது, எனினும் மெய்ப்பிக்கப்படவில்லை’ என்ற பொருளில் வரும் தொடரைக் கண்டு வியக்கும் கட்சிக்காரர், முதல் கேள்வியின் விடையையே மூன்றுக்கும் விடையாகக் கொண்டவர்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 நடைமுறையில் உள்ளது. அந்நாளில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடர்ந்து பொருந்தும் எனப் புதிய சட்டத்தின் 170-ஆம் பிரிவு கூறுகிறது. உரிமையியல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால் இன்னும் சில காலம் இரு சட்டங்களும் ஒரே நீதிமன்றக் கூடத்தில் வழங்கும். எனவே இக்கட்டுரையில் பழைய பிரிவு எண்ணும் புதிய பிரிவு எண்ணும் சேர்த்தே தரப்படுகின்றன.

விளக்கத்தின் பொருட்டு ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் நிகழக்கூடியதுதான் இது. சிறு விவசாயி ஒருவர் மகள் திருமணத்திற்காக ஐந்து லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். கடன் கொடுப்பவர் அடமானம் எழுதிக்கொள்வதில்லை. மாறாக, ஒன்றரை ஏக்கர் நிலத்திற்குக் கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்கிறார்; கடன் தொகை அதில் முன்பணமாகக் காட்டப்படுகிறது. வட்டி ரொக்கமாகச் செல்கிறது, ரசீது இல்லை. மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில், ஒப்பந்தப்படி நிலத்தைக் கிரையம் செய்து தர வேண்டும் என, ஏற்றதை ஆற்றுதல் பரிகாரம் கோரி வழக்கு வருகிறது.

முன்பு இத்தகைய வழக்கில் பிரதிவாதிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செல்லத்தக்கதாயினும் அதனை நிறைவேற்றச் செய்வது நியாயமற்றது எனக் கருதினால் பரிகாரத்தை மறுக்கும் விருப்புரிமையை நீதிமன்றத்திற்கு வழங்கியிருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த விருப்புரிமையை நீக்கிவிட்டது. நீதிபதியின் இரக்கத்தை நாடி வாதாடிய இடத்தில் இனிச் சான்றைக் கொண்டே வாதாட வேண்டும். ‘இது கிரையத்திற்கான ஒப்பந்தமன்று; கடனுக்கான ஈடு’ என்பதைப் பிரதிவாதி மெய்ப்பிக்கத் தவறினால் நிலம் போய்விடும். சான்றைக் கையாளும் திறன் குறித்த ஆய்வு இன்று முன்னைவிடத் தேவையாவது இதனாலேயே.

திருவெண்ணெய்நல்லூர் அவை

மூல ஆவணம், நகல், கையெழுத்து ஒப்பீடு ஆகியவை ஆங்கிலேயர் கொண்டுவந்த கருத்துகள் என்றே நம் சட்டக்கல்வி பெரும்பாலும் கற்பிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அது பக்திக் காப்பியம், வழக்குப் பதிவேடன்று. எனினும் சோழ அரசில் அமைச்சராயிருந்த ஒருவர் ஊர்ச்சபையின் விசாரணையை வருணிக்கும்போது, தம் காலத்தவர் அறிந்த நடைமுறையையே வருணித்திருப்பார் எனக் கொள்வதில் தவறில்லை.

நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு வரும் முதியவர், மணமகன் வழிவழியாகத் தமக்கு அடிமை என்று கூறி ஓலையைக் காட்டுகிறார். நம்பி அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் முதலில் உரிமை கோருபவரிடமே சான்று கேட்கின்றனர். மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையை வலியுறுத்துபவருக்கு உரியது என்னும் பழைய 101, புதிய 104-ஆம் பிரிவின் கோட்பாடு இதுவே. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என அவை மூவகைச் சான்றுகளைக் குறிப்பிடுகிறது. நீண்டகால அனுபவம், எழுத்துச் சான்று, கண்ட சாட்சி என்று இவற்றை இன்றைய மொழியில் பெயர்க்கலாம். நிலவழக்கு நடத்தும் வழக்குரைஞர் இன்றும் இம்மூன்றையே தேடுகிறார்.

இதன்பின் முதியவர் செய்வது கருதத்தக்கது. கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அதையும் எதிர்த்தரப்பு கிழித்துவிடக்கூடாது என்னும் உறுதியை அவையிடம் பெற்ற பிறகே அதை வெளியே எடுக்கிறார். மூலத்தை எதிரியின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல், மெய்ப்பிக்க வேண்டிய மன்றத்தில் மட்டும் முன்வைக்கும் இந்த எச்சரிக்கையை எந்த மூத்த வழக்குரைஞரும் பாராட்டுவார். ஓலை படிக்கப்படுகிறது. எழுத்து நம்பியின் பாட்டனாருடையதுதானா என்ற ஐயம் எழும்போது, பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்த, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து அவை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திருக்கவே தீர்ப்பு வருகிறது. ஒப்பீட்டிற்கு எடுத்த எழுத்து, வழக்குத் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே எழுதப்பட்டு, இரு தரப்பினரின் கையிலும் இல்லாத காவலில் இருந்தது. இக்குறிப்பு கையொப்பம் பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

வழக்குரைக்கு முந்தைய பணி

சான்றைக் கையாளுதல் சாட்சிக் கூண்டில் தொடங்குவதில்லை. வழக்குரையோ எதிர்வழக்குரையோ எழுதும் முன்பே தொடங்குகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 2-இன்படி வழக்குரையில் நிகழ்வுகளைக் கூற வேண்டும். சான்றுகளைக் கூற வேண்டியதில்லை. இவ்விதியைப் பிழையாகப் புரிந்துகொண்டு, சான்று பற்றிய சிந்தனையையே விசாரணைக் கட்டத்திற்கு ஒத்திவைப்பவர் உண்டு. கூறப்படாத நிகழ்வுக்குப் பின்னர் எவ்வளவு சான்று அளித்தாலும் பயனில்லை. ஆகவே கூறவிருக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே அதனை மெய்ப்பிக்கப்போகும் சாட்சி யார், ஆவணம் எது, அதன் மூலம் யாரிடம் உள்ளது எனக் குறித்துக்கொண்ட பின்னரே வரைவு எழுதப்பட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் பிரதிவாதியின் எதிர்வழக்குரை ‘வழக்குரையில் கண்டவை யாவும் பொய்’ என்ற ஒற்றை வரியில் நின்றுவிட்டால், கட்டளை 8, விதி 5-இன்படி குறிப்பாக மறுக்கப்படாதவை ஒப்புக்கொள்ளப்பட்டவையாகக் கருதப்படும் இடர் உண்டு. கடன் பெற்ற நாள், தொகை, வட்டி விகிதம், கொடுத்த இடம், உடனிருந்தவர், அன்றைய சந்தை மதிப்பு, நிலம் இன்றுவரை யார் அனுபவத்தில் உள்ளது என்பன அனைத்தும் எதிர்வழக்குரையிலேயே இடம்பெற வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட நிகழ்வை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பது பழைய 58, புதிய 53-ஆம் பிரிவு. எனவே எதை மறுப்பது என்பதைப் போலவே எதை ஒப்புக்கொள்வது என்பதும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியதாகும். கையொப்பம் தம்முடையதுதான் என்று தெரிந்தும் அதனை மறுக்கச் சொல்லும் வழக்குரைஞர், கடன் என்னும் உண்மையான எதிர்வாதத்தின் நம்பகத்தையும் சேர்த்தே இழக்கிறார். இது நடைமுறையில் அடிக்கடி நிகழும் தவறு என்றே கருதுகிறேன்.

ஆவணங்களைக் காலவரிசையில் அடுக்கிப் படிப்பதும் இக்கட்டத்தின் பணியே. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல், புலப்படம் வரை ஒவ்வொன்றிலும் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகியன ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். பட்டா உரிமை ஆவணமன்று, வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறியுள்ள கருத்து. எனினும் அனுபவத்தைக் காட்ட அது துணைநிற்கும்.

மூலமும் படியும்

ஆவணத்தின் உள்ளடக்கத்தை மூல ஆவணத்தைக் கொண்டே மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி (பழைய 64, புதிய 59). நகல் விதிவிலக்கு. அவ்விதிவிலக்குக்குள் நுழைவதற்கான வாயில்கள் பழைய 65, புதிய 60-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்டுள்ளன. மூலம் எதிர்த்தரப்பிடம் இருந்து, கொண்டுவருமாறு அறிவிப்புக் கொடுத்தும் கொண்டுவரப்படாமை, மூலம் தொலைந்தோ அழிந்தோ போனமை, மூலம் பொது ஆவணமாக இருத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

நகலை நீட்டியவுடன் இவ்வாயில் திறந்துவிடுவதில்லை. மூலம் இருந்தது, அது இன்ன காரணத்தால் கிடைக்கவில்லை என்ற அடித்தளம் முதலில் சாட்சியத்தால் இடப்பட வேண்டும். ‘அசல் தொலைந்துவிட்டது’ என ஒரு வரி சொல்வது போதாது. எங்கு வைத்திருந்தார், எப்போது தேடினார், காவல்துறையில் புகார் உண்டா என்ற வினாக்கள் குறுக்கு விசாரணையில் வரும். மூலம் எதிர்த்தரப்பிடம் இருப்பின், பழைய 66, புதிய 64-ஆம் பிரிவின்படி எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்பி, அதன் அலுவலக நகலையும் ஒப்புகை அட்டையையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். கடன் வழக்குகளில் இது மிக முதன்மையானது. கடன் கொடுத்தவரின் வட்டிக் கணக்குப் புத்தகம் அவரிடமே இருக்கும். அதனைக் கொண்டுவருமாறு அறிவிப்புக் கொடுக்கப்பட்டும் அவர் கொண்டுவராவிட்டால் அவருக்கு எதிரான ஊகத்தை நீதிமன்றம் கொள்ளலாம் (பழைய 114, புதிய 119). கேட்காதவருக்கு அந்த ஊகமும் இல்லை.

பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். பதிவுச் சட்டத்தின் 57(5)-ஆம் பிரிவு, மூலத்தின் உள்ளடக்கத்தை மெய்ப்பிக்க அந்நகல் ஏற்புடையது என்கிறது. உள்ளடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் அவர்தாம் என்பது மறுக்கப்பட்டால் அதனைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். முப்பதாண்டுப் பழமை வாய்ந்த ஆவணத்திற்குச் சட்டம் தரும் ஊகமும் (பழைய 90, புதிய 92) உரிய காவலிலிருந்து கொண்டுவரப்படும் மூலத்திற்கே உரியது. நகலுக்கு அது பொருந்தாது என 1935-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. உயிலுக்கும் அவ்வூகம் உதவாது. சான்றொப்பமிட்ட சாட்சிகளுள் ஒருவரையேனும் விசாரிக்க வேண்டும் என்னும் விதி (பழைய 68, புதிய 67) உயிலின் வயதைப் பார்ப்பதில்லை.

குறியீடும் மறுப்பும்

முதல் விசாரணை இப்போது கூண்டில் வாய்மொழியாக நடைபெறுவதில்லை. கட்டளை 18, விதி 4-இன்படி நிரூபண வாக்குமூலமாகத் தாக்கலாகிறது. அதனுடன் ஆவணங்களும் வருகின்றன, எண்ணும் இடப்படுகின்றன. வாக்குமூலத்துடன் வரும் ஆவணங்களின் ஏற்புடைமையும் மெய்ப்பிப்பும் நீதிமன்றத்தின் ஆணைக்கு உட்பட்டவை என அவ்விதியின் காப்புரையே சொல்கிறது. ஆனால் வேலைப்பளு மிகுந்த நீதிமன்றங்களில் குறியீடு ஓர் எழுத்தர் பணியாகச் சுருங்கிவிடுவதால், எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் விழிப்பே அங்கு ஒரே காவலாக எஞ்சுகிறது.

ஆர்.வி.இ. வெங்கடாசலக் கவுண்டர் எதிர் அருள்மிகு விசுவேசுவரசுவாமி கோயில் (2003) வழக்கில் உச்சநீதிமன்றம் இது குறித்துத் தெளிவான வேறுபாட்டை வகுத்தது. ஆவணமே சட்டப்படி ஏற்கத்தகாதது என்பது ஒருவகை மறுப்பு. ஆவணம் ஏற்கத்தக்கதுதான், ஆனால் மெய்ப்பிக்கும் முறை சரியன்று என்பது மற்றொரு வகை. முதல் வகை மறுப்பைக் குறியீட்டிற்குப் பின்னரும், மேல்முறையீட்டிலும்கூட எழுப்பலாம். இரண்டாம் வகை மறுப்பைக் குறியீடு செய்யும் வேளையிலேயே எழுப்ப வேண்டும். பின்னர் எழுப்பினால் செல்லாது. இவ்விதியின் நியாயம் எளிது. அப்போதே மறுத்திருந்தால் எதிர்த்தரப்பு குறையை நிவர்த்தி செய்து முறையான சாட்சியைக் கொண்டுவந்திருக்கும். மௌனமாயிருந்து அந்த வாய்ப்பைத் தடுத்துவிட்டுப் பின்னர் குறை கூறுவது நேர்மையன்று. ஒளிநகல் மறுப்பின்றிக் குறியீடாகிவிட்ட பிறகு ‘அசல் எங்கே’ என இறுதிவாதத்தில் முழங்கும் வழக்குரைஞரைப் பார்க்கும்போது இத்தீர்ப்பே நினைவுக்கு வருகிறது.

முத்திரைத்தீர்வையின் நிலை இன்னும் கடுமையானது. போதிய முத்திரையில்லாத ஆவணத்தை இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி சான்றாக ஏற்க இயலாது. குறையும் தொகையையும் தண்டத்தையும் செலுத்திய பிறகே ஏற்கலாம். ஆனால் ஒருமுறை சான்றாக ஏற்கப்பட்டுவிட்டால் அதே வழக்கின் எக்கட்டத்திலும் அதனைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 36-ஆம் பிரிவு. மறுப்புக்கு உரிய காலம் அந்தச் சில நிமிடங்களே. பதிவு செய்யப்படாத ஆவணம் இதற்கு நேர்மாறு. கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டிய ஆவணம் பதிவாகாதிருப்பின், பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் தடை குறியீட்டோடு மறைந்துவிடாது. அனுபவத்தின் தன்மை போன்ற துணைநோக்கத்திற்கு மட்டும் அதனைப் பார்க்கலாம்.

கையொப்பம்

கையொப்பம் மறுக்கப்படும் வழக்கில் அதை இட்டவர் இன்னார் என மெய்ப்பிக்க வேண்டும் (பழைய 67, புதிய 65). எழுதுவதைக் கண்டவர், கையெழுத்தை அறிந்தவர், வல்லுநர், நீதிமன்றமே செய்யும் ஒப்பீடு என வழிகள் பல. நீதிமன்ற ஒப்பீட்டிற்குப் பழைய 73, புதிய 72-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. எனினும் வல்லுநர் துணையின்றி வெறுங்கண்ணால் ஒப்பிட்டு முடிவு கூறுவதில் எச்சரிக்கை தேவை என்றே உயர்நீதிமன்றங்கள் வலியுறுத்துகின்றன.

வல்லுநரிடம் எதை அனுப்புவது என்பதில்தான் பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன. வழக்குத் தொடரப்பட்ட பின் வக்காலத்திலும் எதிர்வழக்குரையிலும் இட்ட கையொப்பங்களை ஒப்பீட்டிற்கு அனுப்பக் கோருவது வழக்கம். வழக்கை மனத்தில் கொண்டு ஒருவர் தம் கையொப்பத்தை வேண்டுமென்றே மாற்றி இட்டிருக்கக்கூடும் என்பதால் நீதிமன்றங்கள் இதனை ஏற்கத் தயங்குகின்றன. சர்ச்சைக்குரிய ஆவணத்தின் காலத்தை ஒட்டிய, மறுக்கப்படாத கையொப்பம் வேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்கிய படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் மனு, சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள வேறு பத்திரம் ஆகியவற்றை அழைப்பாணை வழியே வரவழைக்கலாம். திருவெண்ணெய்நல்லூர் அவை பாட்டனாரின் பழைய ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்ததும் இதே காரணத்தினால்தான்.

கையொப்பம் உண்மை, பரிமாற்றம் வேறு

நம் விவசாயியின் வழக்கில் கையொப்பம் சிக்கலன்று. எழுத்தில் கண்ட நிபந்தனைகளுக்கு மாறாக வாய்மொழிச் சான்று கூடாது என்னும் தடையே (பழைய 92, புதிய 95) சிக்கல். ‘ஒப்பந்தத்தில் கிரையம் என்றிருக்கிறது; கடன் என வாய்மொழியாகச் சொல்ல முடியாது’ என வாதி தரப்பு கூறும். இதற்கு விடை 1981-இல் உச்சநீதிமன்றம் கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கில் தந்தது. நிபந்தனையை மாற்றிக் காட்டுவது வேறு. அந்த ஆவணம் செயல்படுத்தும் எண்ணத்தோடு எழுதப்பட்டதே அன்று, உண்மையான பரிமாற்றம் வேறு எனக் காட்டுவது வேறு. பின்னதற்குத் தடையில்லை.

கதவு திறந்திருந்தாலும் உள்ளே கொண்டுசெல்லச் சான்று வேண்டுமே. ‘கடன்தான் வாங்கினேன்’ என்னும் பிரதிவாதியின் சொல் தனித்து நின்றால் பதிவு பெற்ற பத்திரத்தின் முன் நிலைக்காது. சூழ்நிலைகளைத் திரட்ட வேண்டும். ஒப்பந்த நாளில் வழிகாட்டி மதிப்பு என்ன, அண்மையில் பதிவான கிரையங்களின் விலை என்ன என்பதைச் சான்றிட்ட நகல்களால் காட்டலாம். பெரும்பகுதி விலையைச் செலுத்தியதாகக் கூறும் ஒருவர் நிலத்தை அளந்து பார்க்காதது ஏன், வில்லங்கச் சான்று பெறாதது ஏன், இரண்டே முக்கால் ஆண்டு ஒரு கடிதமேனும் எழுதாதது ஏன் என்ற வினாக்கள் குறுக்கு விசாரணைக்கு உரியவை. அதே வாதி வேறு பலரிடமும் இதே வடிவில் ஒப்பந்தம் பெற்றுப் பின்னர் ரத்து செய்திருப்பின், அவற்றின் நகல்களும் கிடைக்கும். பத்திர எழுத்தரும் சாட்சியும் என்ன சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்த பின்னரே அவர்களைக் கூண்டேற்ற வேண்டும்.

வாதி தரப்பும் ஓய்ந்திருக்க முடியாது. மீதித்தொகை செலுத்த ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை 16(இ) பிரிவின்படி அவர் மெய்ப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையை 1891-ஆம் ஆண்டு வங்கியர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின்படி சான்றிட்டுப் பெறலாம். கணக்கில் பணமே இல்லாதிருந்தால் அதே அறிக்கையைப் பிரதிவாதி அழைப்பாணை மூலம் பெற்று வாதியிடம் காட்டலாம்.

சாட்சியின் மொழி

கள ஆய்வின் பொருட்டு உரிமையியல் நீதிமன்றம் ஒன்றில் சில வாரங்கள் அமர்ந்திருந்தபோது கண்ட காட்சி ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். அறுபது வயதுள்ள பிரதிவாதி கூண்டில் நிற்கிறார். அவருடைய நிரூபண வாக்குமூலம், ‘மேற்படி தாவா சொத்தானது இப்பிரதிவாதியின் ஏகபோக அனுபோக சுவாதீனத்தில்’ என்ற நடையில் பத்துப் பக்கம் நீள்கிறது. குறுக்கு விசாரணையின் முதல் வினா, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?’ அவர் ஒளிவின்றி, ‘வக்கீல் ஐயா எழுதினாங்க, நான் கையெழுத்துப் போட்டேன்’ என்றார். அதன் பிறகு அவர் கூறியவை அனைத்தும் உண்மையாகவே தோன்றின. எனினும் பதிவில் நின்றது முதல் விடை.

வாக்குமூலம் சாட்சியின் சொல்லாக இருக்க வேண்டும் என்பது அழகியல் விருப்பமன்று. நேரில் அறிந்ததை மட்டுமே சாட்சி கூறலாம் என்பதன் விளைவு அது. அவர் ‘கிணத்து மேட்டுப் பக்கம்’ என்று சொல்வதை ‘வடபாகத்தில்’ என மாற்றினால், குறுக்கு விசாரணையில் திசையைத் தவறாகச் சொல்வார். தமிழில் சாட்சியம் பதிவாகும் நீதிமன்றங்களில்கூட, சட்டத்தமிழ் என நாம் வளர்த்துள்ள நடை சாட்சியைத் தம் சொல்லிலிருந்தே அந்நியப்படுத்துகிறது. தமிழாய்வாளரும் சட்ட ஆய்வாளரும் இணைந்து ஆராய வேண்டிய களம் இது.

கட்சிக்காரர் கூண்டேறாமல் அதிகாரம் பெற்ற முகவரை அனுப்புவதும் பெருந்தவறு. முதல்வர் மட்டுமே அறிந்த செய்தியை முகவர் சாட்சியமாகக் கூற முடியாது என 2004-இல் ஜானகி வாசுதேவ் போஜ்வானி வழக்கும், கூண்டேறாத தரப்பினருக்கு எதிரான ஊகம் எழும் என 1999-இல் வித்யாதர் வழக்கும் தெளிவாக்கியுள்ளன.

கைப்பேசியில் உள்ள சான்று

ரசீது இல்லாத வட்டிப் பரிமாற்றங்களின் சுவடு இன்று கைப்பேசியில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற கே.கே. வேலுசாமி எதிர் என். பழனிசாமி (2011) வழக்கு, ஏறத்தாழ நம் எடுத்துக்காட்டைப் போன்றது. ஏற்றதை ஆற்றுதல் வழக்கில் சான்று பதிவு முடிந்த நிலையில், உரையாடல் பதிவு அடங்கிய குறுந்தகட்டைத் தாக்கல் செய்யப் பிரதிவாதி அனுமதி கோரினார். சாட்சியை மீள அழைக்கும் கட்டளை 18, விதி 17 ஐயம் தெளிவதற்கானதே, விடுபட்ட சான்றை இட்டு நிரப்புவதற்கன்று எனக் கூறிய நீதிமன்றம், தகுந்த நிலையில் 151-ஆம் பிரிவின் உள்ளார்ந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று அம்மனுக்களை மறுபரிசீலனைக்கு அனுப்பியது.

மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என 2014-இல் அன்வர் வழக்கும் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கும் உறுதிசெய்தன. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை. புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அட்டவணையில் தந்துள்ள படிவத்தில் கருவிக்குப் பொறுப்பானவரும் வல்லுநரும் தனித்தனியே கையொப்பமிட வேண்டும் என்கிறது. பதிவின் ஹேஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஆகவே கட்சிக்காரர் முதன்முறை அலுவலகம் வரும்போதே, கைப்பேசியை விற்கவோ மாற்றவோ செய்தியை அழிக்கவோ கூடாது என அறிவுறுத்த வேண்டும். திரையைப் படம்பிடித்து அச்சிட்ட தாள்களை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, ஈராண்டு கழித்துக் கருவியைத் தேடுவது இன்றைய ‘அசல் தொலைந்துவிட்டது’ ஆகிவிட்டது.

மேல்முறையீட்டில் எஞ்சுவது

விசாரணை நீதிமன்றத்தில் தவறவிட்ட சான்றை மேல்முறையீட்டில் கொண்டுவரலாம் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. கட்டளை 41, விதி 27 அதற்கு மூன்று குறுகிய வழிகளை மட்டுமே தருகிறது. விசாரணை நீதிமன்றம் தவறாக மறுத்திருக்க வேண்டும். அல்லது உரிய முயற்சி செய்தும் அப்போது கிடைக்காதிருந்திருக்க வேண்டும். அல்லது தீர்ப்புரைக்க அந்தச் சான்று தேவையென மேல்முறையீட்டு நீதிமன்றமே கருத வேண்டும். வழக்குரைஞர் மறந்துவிட்டார் என்பது இவற்றுள் எதிலும் அடங்காது. இரண்டாம் மேல்முறையீடு 100-ஆம் பிரிவின்படி கணிசமான சட்டவினா எழுந்தால் மட்டுமே ஏற்கப்படும். அங்கு நிகழ்வுகள் மறுபடி அலசப்படுவதில்லை. நம் விவசாயி கொடுத்த வட்டியைக் கண்ணால் கண்ட அண்டைவீட்டார் விசாரணை நீதிமன்றத்தில் அழைக்கப்படாதிருந்தால், உயர்நீதிமன்றத்தில் அவருக்குக் கூண்டு இல்லை.